ஐந்து மகன்களின் பெயரில் ஒரு நாற்காலி: தோனெட் குடும்பத்தின் மரச்சாமான் தொழில் பற்றிய நிகழ்வு ஆய்வு

மரச்சாமான் தொழிலில் மூன்று தலைமுறையைத் தாண்டிய குடும்பங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கைத்திறன், நாணயம், வாடிக்கையாளரின் நம்பிக்கை என்ற காரணங்களே முதலில் அடுக்கப்படும். அவை பொய்யல்ல. ஆனால் ஒரு குடும்பம் தன் பட்டறையையும் கடையையும் எந்தக் கட்டத்தில் இழக்கிறது, எப்படி மீட்கிறது, மீட்கும்போது எதை விட்டுவிடுகிறது என்பதை அவற்றைக் கொண்டு விளக்க முடியாது. ரைன் ஆற்றங்கரையில் உள்ள பொப்பார்ட் என்ற சிறு நகரில் 1819இல் ஒரு தச்சர் தொடங்கிய பட்டறை, வியன்னாவில் உலகின் மிகப் பெரிய மரச்சாமான் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்து, இரண்டு உலகப் போர்களில் சிதறி, ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மீண்டும் முளைத்தது. ஐந்தாம் தலைமுறை வரை குடும்பத்தின் பொறுப்பில் இருந்த அந்தத் தோனெட் நிறுவனத்தின் கதையை, அதன் புகழ்பெற்ற நாற்காலியின் அழகை வைத்துச் சொல்வதே வழக்கம். சொத்து யாருடைய பெயரில் இருந்தது, தொழிற்சாலை எந்த நாட்டு மண்ணில் இருந்தது என்ற இரண்டு கேள்விகளை வைத்துப் பார்ப்பதே அந்தக் குடும்பத்தின் ஏற்றத்தாழ்வுகளைச் சரியாக விளக்கும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பொப்பார்ட், 1819–1842

மிகேல் தோனெட் 1796இல் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தச்சுத்தொழிலைக் கற்று, இருபத்து மூன்று வயதில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். அக்காலத்தில் நாற்காலியின் வளைந்த பகுதி எதுவானாலும், முதுகு வளைவானாலும் கால் வளைவானாலும், அகன்ற பலகையில் அந்த வடிவத்தை வரைந்து அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. அப்படி அறுக்கும்போது பலகையில் பெரும்பகுதி கழிவாகப் போகும். வளைவு திரும்பும் இடத்தில் மரத்தின் நார் குறுக்கே அறுபடுவதால், பாரம் தாங்காமல் முதலில் முறிவதும் அந்த இடமாகவே இருக்கும். இந்தச் சிக்கலுக்கு 1830களில் தோனெட் கண்ட தீர்வு எளிமையானது. மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, நார் நீளவாக்கில் ஓடும்படி கட்டாக அடுக்கி, கொதிக்கும் வஜ்ஜிரப் பசையில் ஊறவைத்து, அச்சில் வைத்து வளைத்து உலரவிட்டார். நார் அறுபடாத வளைவு கிடைத்தது. நாற்காலி இளைத்தது, எடை குறைந்தது, வலு கூடியது.

அவர் தொழில்காரர் மட்டுமல்லர், கணக்குப் போடத் தெரிந்தவர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இம்முறைக்கு வஜ்ஜிரம் ஏராளமாகத் தேவைப்பட்டதால், பொப்பார்டுக்கு அருகில் இருந்த மிகேல்ஸ்மூலெ என்ற ஆலையை வாங்கி வஜ்ஜிரத்தைத் தாமே காய்ச்சத் தொடங்கினார். ஆனால் ஆலைக்கும் சோதனைகளுக்கும் பல நாடுகளில் தனியுரிமை (காப்புரிமை) கேட்டு எடுத்த முயற்சிகளுக்கும் பணம் கரைந்தது. அந்த முயற்சிகள் கைகூடவில்லை. 1841இல் கோப்ளென்ஸ் நகரக் கண்காட்சியில் அவருடைய நாற்காலிகளைக் கண்ட ஆஸ்திரியப் பேரரசின் முதன்மை அமைச்சர் மெட்டர்நிக் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். 1842இல் வியன்னா அரசு, எவ்வகை மரத்தையும் வேதியியல், இயந்திர முறைகளால் விரும்பிய வடிவத்துக்கு வளைக்கும் உரிமையை அவருக்கு வழங்கியது. இங்கே உரிமை கிடைத்த அதே காலத்தில், ஊரில் கடன் கொடுத்தவர்கள் பொறுமையிழந்து சொத்துகளை ஜப்தி செய்தனர். மனைவியும் பிள்ளைகளும் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தபோது பொப்பார்டில் குடும்பத்துக்கென்று தொழில் எதுவும் மிச்சமில்லை.

குடும்ப வரலாறுகளில் இத்தகைய அத்தியாயத்தைத் 'தொடக்ககாலச் சிரமங்கள்' என்று இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். கடனும் கண்டுபிடிப்பும் பட்டறையும் ஒரே மனிதரின் பெயரில் நின்றதால் ஒன்று சரிந்தவுடன் மற்றவையும் சரிந்தன என்பதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று எழுதிவைக்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் அவர் எடுத்த முடிவுகள் அதைக் காட்டுகின்றன.

கூலிக்கு வேலை செய்த ஆண்டுகள்

வியன்னாவில் தோனெட்டும் வளர்ந்த மகன்களும் முதலில் கார்ல் லைஸ்ட்லர் என்ற பெரிய மரச்சாமான் தயாரிப்பாளரிடம் வேலை செய்தனர். லீக்டென்ஸ்டைன் அரண்மனையைப் புதுப்பிக்கும் பணியில் மரத்தள வேலைப்பாடுகளும் நாற்காலிகளும் அவர்கள் கையில் உருவாயின. அந்த அரண்மனைப் பணியை மேற்பார்த்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் பீட்டர் ஹியூபர்ட் டெவின்யே அவர்களுடைய திறமையை நன்கு உணர்ந்திருந்தார். 1849இல் தோனெட் கும்பென்டார்ஃப் பகுதியில் மீண்டும் சொந்தப் பட்டறை வைத்தார். அந்தக் காலகட்டத்தில்தான் கோல்மார்க்ட் தெருவில் இருந்த டௌம் காபி விடுதிக்கு நாற்காலிகள் செய்துகொடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஹங்கேரியின் பெஸ்ட் நகர (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) விடுதி ஒன்றின் பெரிய ஆர்டரும் தொடர்ந்தது.

காபி விடுதி என்ற வாடிக்கையாளரைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அரண்மனைக்குச் செய்யும் நாற்காலியில் ஆண்டுக்குப் பத்துப் பேர் அமர்வார்கள். காபி விடுதி நாற்காலியில் ஒரு நாளில் அதற்கு மேல் அமர்வார்கள், இழுப்பார்கள், சாய்ப்பார்கள், இரவில் மேசைமேல் கவிழ்த்துவைப்பார்கள். எடை குறைவாகவும் உடையாமலும், ஒன்று போனால் அதே போன்ற இன்னொன்றை வாங்கக்கூடியதாகவும் இருப்பதே அங்கே தேவை. அலங்காரச் செதுக்கல் அங்கே வீண். பின்னாளில் தோனெட் நாற்காலியின் எளிமையை ஓர் அழகியல் கொள்கையாகப் போற்றிய நவீனக் கட்டடக் கலைஞர்கள், அந்த எளிமையின் ஒரு பாதியைக் காபி விடுதிக்காரர்களின் தேவையே தீர்மானித்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு வியன்னாவின் மையப்பகுதியில் மோன்டெனுவோவோ மாளிகையில் முதல் விற்பனைக் கடை திறக்கப்பட்டது. அதே 1852இல் பெறப்பட்ட புதிய தனியுரிமை மகன்களின் பெயரில் பதிவாயிற்று. 1853இல் நிறுவனமே 'கெப்ரூடர் தோனெட்', அதாவது தோனெட் சகோதரர்கள் என்ற பெயருக்கு மாற்றப்பட்டது. ஃபிரான்ஸ், மிகேல், ஆகஸ்ட், யோசெஃப், யாக்கோப் என்ற ஐவரில் கடைசி மகன் அப்போது சிறுவன். தந்தைக்கு ஐம்பத்தேழு வயது. 1871இல் இறக்கும்வரை அவரே தொழிலை நடத்தினார். ஆனால் சட்டப்படி அது மகன்களின் சொத்தாக இருந்தது.

நம்மிடையே பல குடும்பங்களில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. தந்தை இறுதிவரை பெயரைத் தம்மிடம் வைத்துக்கொள்வார், வேலையைப் பிள்ளைகள் செய்வார்கள், பாகப்பிரிவினை அவருடைய மறைவுக்குப் பிறகு வழக்கறிஞரின் முன்னிலையில் நடக்கும். தோனெட் பெயரை முதலில் கொடுத்தார், வேலையைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். ஐந்து சகோதரர்களும் தனித்தனிப் பட்டறைகளுக்குப் பிரிந்துபோகாமல் ஒரே நிறுவனத்தின் பங்காளிகளாக நின்றதற்கு இந்த முன்னேற்பாடு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

வளைப்பின் நுட்பம்

பட்டைகளை ஒட்டிச் செய்த நாற்காலிக்கு ஒரு குறை இருந்தது. கடல் கடந்து வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளுக்குப் போனால் வஜ்ஜிரம் இளகி ஒட்டு விட்டுப்போகும். வஜ்ஜிரமே இல்லாமல் முழு மரச் சட்டத்தை வளைக்க முடிந்தாலொழிய வெளிநாட்டுச் சந்தை நிலைக்காது. ஆனால் முழு மரத்தை வளைத்தால் வெளிப்புறம் பிளக்கிறது. 1850களின் நடுப்பகுதியில் தோனெட் குடும்பம் இதற்குக் கண்ட விடை, தொழில்நுட்ப வரலாற்றில் மிக எளிமையானவற்றுள் ஒன்று.

நீராவியில் வேகவைத்த மரம் அழுத்தத்துக்கு இசைந்துகொடுக்கும். நல்ல பீச் (beech) மரம் தன் நீளத்தில் கால்பங்கு வரைகூடச் சுருங்கித் தாங்கும். இழுவைக்கு மட்டும் அது இணங்காது. நூற்றுக்கு இரண்டு பங்கு நீள்வதற்குள் நார் அறுந்துவிடும். ஒரு சட்டத்தை வளைக்கும்போது உட்புறம் சுருங்குகிறது, வெளிப்புறம் நீள்கிறது. இடையில் நீளவும் சுருங்கவும் செய்யாத நடுக்கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டை நடுவிலிருந்து வெளிவிளிம்புக்கு நகர்த்திவிட்டால், மரத்தின் எந்தப் பகுதியும் நீள வேண்டியதில்லை, முழுச் சட்டமும் சுருங்கினால் போதும். இதைச் செய்ய வளைவின் வெளிப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, இரு முனைகளிலும் மரத்தோடு இறுகப் பிணைத்தார்கள். பட்டை நீளாது. ஆகவே அதோடு பிணைந்த மரத்தின் வெளிப்புறமும் நீள முடியாது.

நடைமுறையில் இது இப்படி நடந்தது. பீச் மரத்தைச் சதுரச் சட்டங்களாக அறுத்து, கடைசலில் உருட்டி, தேவையான இடங்களில் இளைத்து, நீராவிப் பெட்டிக்குள் வைப்பார்கள். ஊறி வெந்த சட்டத்தை வெளியே எடுத்தவுடன் இரும்புப் பட்டையைப் பொருத்தி, இருவர் இருபுறமும் நின்று வார்ப்பிரும்பு அச்சைச் சுற்றி ஒரே மூச்சில் வளைத்து முடிக்க வேண்டும். சூடு தணிந்தால் மரம் பிடிவாதம் பிடிக்கும், தயங்கினால் உட்புறம் மடிந்து சுருக்கம் விழும். பிறகு அச்சோடும் பட்டையோடும் சேர்த்தே சூடான அறையில் உலரவிடுவார்கள். உலர்ந்தபின் அச்சிலிருந்து விடுவித்தால் மரம் அந்த வடிவத்திலேயே நிற்கும். அதன்பின் தேய்ப்பு, சாயம், மெருகு, இருக்கைக்குப் பிரம்புப் பின்னல். இம்முறைக்கு 1856இல் பதின்மூன்று ஆண்டுகளுக்குத் தனியுரிமை வழங்கப்பட்டது.

14ஆம் எண் நாற்காலி, 1859ஆம் ஆண்டு உருவானது, இந்த முறையின் முழுப்பயனைக் காட்டுகிறது. பின்கால் இரண்டும் முதுகும் ஒரே நீண்ட சட்டத்தின் வளைவு. அதனுள்ளே சிறிய வளைவு ஒன்று, இருக்கைக்கு ஒரு வளையம், முன்கால் இரண்டு, கால்களைப் பிணைக்கும் வளையம் ஒன்று. ஆக ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மறைகள் (நட்டுகள்). பொருத்தும் இடத்தில் பொளியும் (துளையும்) அதில் செருகும் கழுந்தும் இல்லை, வஜ்ஜிரம் இல்லை. தளர்ந்தால் திருகாணியை இறுக்கிக்கொள்ளலாம். பிரித்த நிலையில் 36 நாற்காலிகளை ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடுக்கி அனுப்ப முடிந்தது. 1930க்குள் 5 கோடி விற்றதாகக் கணக்கிடப்படும் நாற்காலி இதுதான். பம்பாயின் பழைய இரானி தேநீர்க் கடைகளில் நாம் கண்ட வளைமர நாற்காலிகளும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவையே.

காட்டருகே ஆலை, நகரத்தில் கடை

வளைக்கும் முறை கைவந்ததும் தொழில் வியன்னாவை விட்டு வெளியேறியது. மொராவியாவின் (இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதி) கோரிட்சான் என்ற ஊரில், பீச் மரக் காடுகளுக்கு நடுவே, 1857இல் முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பிஸ்ட்ரிட்ஸ் தொழிற்சாலையும், பின்னர் ஹங்கேரி ஆட்சிக்குட்பட்ட பகுதியிலும், ஹாலென்காவ், வ்செட்டின் ஊர்களிலும், ரஷ்ய ஆட்சிக்குட்பட்ட போலந்தின் நோவோ ராடோம்ஸ்கிலும் அடுத்தடுத்துத் தொழிற்சாலைகளும் எழுந்தன. காரணம் மரத்தின் அருகாமை மட்டுமல்ல. நீராவியும் அச்சும் வந்துவிட்டபின் தேர்ந்த தச்சர் தேவைப்படவில்லை. உழவுக் குடும்பத்து ஆண்களுக்கு வளைப்பதையும் பெண்களுக்குத் தேய்ப்பு, மெருகு, பிரம்புப் பின்னல் ஆகியவற்றையும் கற்றுக்கொடுத்தால் போதும் என்றாயிற்று. கைத்திறனின் பெருமைக்காக நாம் நினைவுகூரும் இந்த நிறுவனம், கைத்திறன் தேவைப்படாத வேலைமுறையை அமைத்தே வளர்ந்தது என்ற முரணைக் குடும்பப் புகழுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஒரு தலைமை ஆசாரியின் கண்காணிப்பில் ஒரு பட்டறை என்பதிலிருந்து பல ஊர்களில் பல ஆலைகள் என்ற நிலைக்கு வரும்போது, நம்பிக்கையான ஆள் எங்கே கிடைப்பார் என்பது எந்த முதலாளிக்கும் தலைவலி. ஐந்து மகன்கள் இருந்ததன் பயன் இங்கேதான் வெளிப்பட்டது. ஆகஸ்ட் இயந்திரங்களையும் உற்பத்தி முறையையும் கவனிப்பவராக விளங்கினார். மற்றவர்கள் ஆலை நிர்வாகம், கணக்கு, விற்பனை என்று பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர்.

விற்பனையில் அவர்கள் கடைப்பிடித்த முறையும் கவனிக்கத்தக்கது. நாற்காலிகளுக்குப் பெயர் வைக்காமல் எண் கொடுத்து, 1859 முதல் படங்களோடு விலைப்பட்டியல் அச்சிட்டார்கள். அதைப் பார்த்து எண்ணைக் குறிப்பிட்டு வேறு கண்டத்திலிருந்தும் பொருளை வரவழைக்க முடிந்தது. ஐரோப்பியப் பெருநகரங்களில் சொந்தக் கடைகள் திறக்கப்பட்டன. 1873இல் நியூயார்க்கிலும் கடை வந்தது. வியன்னாவில் புனித ஸ்டீபன் பேராலயத்துக்கு எதிரே எழுந்த தோனெட் மாளிகை அந்தக் குடும்பத்தின் முகமாகவே ஆயிற்று.

உரிமை முடிந்தபின்

1869இல் தனியுரிமைக் காலம் முடிந்தது. அதன்பின் பீச் காடு இருந்த இடமெல்லாம் வளைமரப் பட்டறைகள் தோன்றின. அவற்றுள் யாக்கோப், யோசெஃப் கோன் என்ற நிறுவனம் தோனெட்டுக்குச் சமமான போட்டியாளர். அதுவும் ஒரு குடும்ப நிறுவனம். அதே பகுதி, அதே மரம், ஏறத்தாழ அதே நாற்காலி. நூற்றாண்டுத் திருப்பத்தில் யோசெஃப் ஹோஃப்மன் போன்ற வியன்னாக் கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து புதிய வடிவங்களைக் கொண்டுவருவதில் கோன் நிறுவனமே முந்திக்கொண்டது. தோனெட்டுகள் பின்னர் அந்த வழிக்கு வந்து, வியன்னா அஞ்சலகச் சேமிப்பு வங்கிக் கட்டடத்துக்கு ஓட்டோ வாக்னரின் வடிவமைப்பில் பொருட்கள் செய்துகொடுத்தனர். ஆகவே, வடிவமைப்பின் மேன்மையால்தான் தோனெட் குடும்பம் நிலைத்தது என்று சொல்வோர் கோன் குடும்பத்தின் கதியை விளக்கியாக வேண்டும். 1907இல் லியோபோல்ட் பில்சர் பல சிறு வளைமர நிறுவனங்களை ஒன்றுசேர்த்து முண்டுஸ் என்ற கூட்டு நிறுவனத்தை உருவாக்கியிருந்தார். 1914இல் கோன் அதனுடன் இணைந்து, காலப்போக்கில் அந்தப் பெயர் சந்தையிலிருந்தே மறைந்தது.

இந்த ஆண்டுகளில் தோனெட் எடுத்த ஒரு முடிவு அப்போது யாருக்கும் பெரிதாகத் தோன்றியிராது. 1889 வாக்கில் ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியில் ஃபிராங்கென்பெர்க் என்ற சிற்றூரில் ஓர் ஆலை நிறுவப்பட்டது. மொராவியாவின் பெரிய ஆலைகளோடு ஒப்பிட்டால் அது கடைக்குட்டி. மற்ற ஆறும் வியன்னாவுக்குக் கிழக்கே இருக்க, இது ஒன்று மட்டும் மேற்கே தனித்து நின்றது.

1910களின் தொடக்கத்தில் நிறுவனம் உச்சத்தில் இருந்தது. 1912இல் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் பொருட்கள் உற்பத்தியாயின. தந்தையின் காலத்து ஐவரில் மூத்தவர்கள் மறைந்திருந்தனர். பேரன்களின் தலைமுறை நிர்வாகத்தில் இருந்தது. ஐந்து கிளைகளும் தனித்தனியே கிளைத்திருந்தன.

எல்லைகள் மாறியபோது

முதல் உலகப் போருக்கு முன் தோனெட்டின் மொராவிய, ஹங்கேரிய ஆலைகளும் வியன்னாத் தலைமையகமும் ஒரே பேரரசின் எல்லைக்குள் இருந்தன. 1918இல் அந்தப் பேரரசு கலைந்தது. தலைமையகம் சுருங்கிப்போன ஆஸ்திரியாவில் நின்றது. பெரிய ஆலைகளும் காடுகளும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போயின, ஓர் ஆலை போலந்துக்குப் போயிற்று, ஒன்று ஜெர்மனியில் இருந்தது. நேற்றுவரை ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்றிய சட்டம் இன்று ஏற்றுமதிப் பொருளாகி, எல்லையில் சுங்கத்துக்கு நிற்க வேண்டியதாயிற்று.

1921இல் குடும்ப நிறுவனம் பங்கு நிறுவனமாக மாற்றப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே கோன், முண்டுஸ் கூட்டுடன் இணைந்து 'தோனெட் முண்டுஸ்' உருவாகி, அதன் கட்டுப்பாடு பில்சரிடம் சென்றது. பெயர்ப் பலகையில் தோனெட் முதலில் இருந்தாலும் முடிவெடுக்கும் உரிமை குடும்பத்திடம் இல்லை. 1853இல் தந்தை செய்த ஏற்பாடு ஐந்து சகோதரர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பங்காளிகள் பெருகி, எல்லைகள் மாறி, முதலும் தேவைப்பட்ட சூழலுக்கு அது போதவில்லை. பங்காக மாறிய சொத்தை விற்பது எளிது. குடும்பங்கள் இதைப் பெரும்பாலும் விற்றபிறகே உணர்கின்றன.

பில்சரின் நிர்வாகத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1925இல் பாரிஸ் கண்காட்சியில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே தம் மாதிரி வீட்டுக்குள் தோனெட் வளைமரக் கைநாற்காலிகளை வைத்து, பழைய பொருளை நவீனத்தின் அடையாளமாக்கினார். நிறுவனம் அந்த அலையைப் பிடித்துக்கொண்டது. 1929இல் வடிவமைப்பாளர் மார்செல் பிராய்யர் தொடர்புகொண்டிருந்த ஸ்டாண்டர்ட் மோபெல் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, எஃகுக் குழாய் மரச்சாமான் உற்பத்தியில் இறங்கியது. மரத்தை வளைத்த ஆட்களுக்குக் குழாயை வளைப்பது அந்நிய வேலையல்ல. இதில் ஒரு வழக்கும் வந்தது. பின்கால் இல்லாமல் வளைந்து நிற்கும் எஃகுக் குழாய் நாற்காலியின் வடிவ உரிமை குறித்து, எஃகு நாற்காலித் தொழிலில் இருந்த ஆன்டன் லோரென்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 1932இல் ஜெர்மானிய உச்ச நீதிமன்றம் அந்தக் கலைவடிவம் டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாமுடையது என்று தீர்ப்பளித்தது. செய்முறைக்கான தனியுரிமையைக் கொண்டு வளர்ந்த நிறுவனம், வடிவத்துக்கான உரிமை வேறு கணக்கு என்பதை நீதிமன்றத்தில் கற்றுக்கொண்டது.

1938இல் ஆஸ்திரியாவை நாஜி ஜெர்மனி இணைத்துக்கொண்டது. யூதரான பில்சர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அங்கே தொழிலைத் தொடர்ந்தார். ஐரோப்பிய ஆலைகள் மீண்டும் தோனெட் குடும்பத்தின் கைக்கு வந்தன. குடும்ப வரலாற்றில் இதை மீட்பு என்று எழுதுவது எளிது. ஆனால் விற்றவர் விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட காலம் அது என்பதை நிகழ்வு ஆய்வு பதிவுசெய்தாக வேண்டும். குடும்பத் தொழில்கள் நீடித்தமைக்கான காரணங்களுள் அவர்களுடைய திறமைக்குச் சற்றும் தொடர்பில்லாத, பிறருடைய துயரத்தில் விளைந்தவையும் உண்டு. அவற்றை நற்பெயரின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

திரும்பக் கிடைத்தது ஏழு ஆண்டுகளுக்குள் மீண்டும் போயிற்று. 1945இல் வியன்னாவின் தோனெட் மாளிகை போரில் அழிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த ஆலைகள் நாட்டுடைமையாயின. குடும்பத்திடம் எஞ்சியது ஃபிராங்கென்பெர்க் மட்டுமே. அதுவும் குண்டுவீச்சில் இடிந்துகிடந்தது.

கடைக்குட்டி ஆலை

மிகேல் தோனெட்டின் கொள்ளுப்பேரன் கேயார்க் தோனெட் ஃபிராங்கென்பெர்க் ஆலையை 1945 முதல் 1953 வரை மீண்டும் கட்டியெழுப்பினார். கோரிட்சானோ பிஸ்ட்ரிட்ஸோ மையமாக இருந்தவரை துணை ஆலையாகவே நின்ற ஊர், இப்போது நிறுவனத்தின் முழு உடலாயிற்று. அது கம்யூனிச நாடுகளைப் பிரித்த அரசியல் எல்லைக்கு மேற்கே இருந்தது என்பதே அதன் தகுதி. அதை நிறுவியவர்கள் 1889இல் எதிர்பார்த்தது ஜெர்மானியச் சந்தையை மட்டுமே. எனினும், எல்லா ஆலைகளையும் ஒரே காட்டுப் பகுதியில் குவிக்காமல் விட்ட அந்தப் பழைய முடிவு இல்லாவிட்டால், 1945க்குப் பிறகு தோனெட் குடும்பத்துக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும்; நடத்த ஒரு தொழில் இருந்திருக்காது.

புதிய நிறுவனம் பழையதன் நகல் அல்ல. கோடிக்கணக்கில் மலிவான நாற்காலி விற்கும் வேலையை வேறு நாடுகளும் வேறு பொருட்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஃபிராங்கென்பெர்க் குறைந்த எண்ணிக்கையில், உயர்ந்த விலையில், இரண்டு மரபுகளை நம்பி நின்றது: குடும்பத்தின் சொந்த வளைமரமும், பில்சர் காலத்தில் வந்துசேர்ந்த எஃகுக் குழாயும். 14ஆம் எண் நாற்காலி இப்போது 214 என்ற எண்ணில் விற்கப்படுகிறது. சாமானியர்களின் காபி விடுதிக்காக உருவான பொருள், வசதியுள்ளவர்கள் தேடி வாங்கும் பொருளாயிற்று என்பதில் சிறிது விந்தை உண்டு. ஆனால் அந்த மாற்றம் இல்லாமல் கூலி உயர்ந்த நாட்டில் நீராவிப் பெட்டியும் வார்ப்பிரும்பு அச்சும் தொடர்ந்து இயங்கியிருக்க வழியில்லை. 1989இல் ஆலையை ஒட்டி ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஐந்தாம் தலைமுறையினரும் நிறுவனத்தின் பொறுப்பில் அமர்ந்தனர்.

இதற்கிடையில் வியன்னாக் கிளை 1976இல் தனி நிறுவனமாகப் பிரிந்து, பின்னாளில் இத்தாலியர் வசமாயிற்று. 'கெப்ரூடர் தோனெட்' என்ற அந்தப் பழைய பெயரைத் தாங்கியது அதுவே. மொராவியாவில் நாட்டுடைமையாக்கப்பட்ட ஆலைகள் 1953 முதல் டான் என்ற பெயரில் இயங்கின. பிஸ்ட்ரிட்ஸில் இருவர் இருபுறமும் நின்று வெந்த பீச் சட்டத்தை அச்சில் வளைக்கும் வேலை இன்றும் நடக்கிறது. அங்கே செய்யப்படும் நாற்காலியில் தோனெட் என்ற பெயர் இல்லை. விலைப்பட்டியலில் அதன் எண் மட்டும் இன்னும் 14.